முட்டையின் முதல் சுற்று

முட்டை என்று அந்த வண்டிக்குப் பெயர் வைத்தது நாத்தனார். வைத்த வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும், அத்தனை பொருத்தம். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒரே சக்கரம், உள்ளே ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக இரண்டே ஆள், மேலே ஒரு கண்ணாடி மூடி. மூடியைப் பக்கவாட்டில் தூக்கி, காலை உள்ளே விட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு உட்கார வேண்டும். பல் டாக்டரம்மா ஒல்லி, அவளுக்குச் சிரமமில்லை. அவள் கணவர் பின்சீட்டில் உட்காரும்போது மட்டும் வண்டி ஒருமுறை பெருமூச்சு விடும்.

ஐம்பது வயதில் இது என்ன கிறுக்கு என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். பகலெல்லாம் ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்ப்பாள், சாயங்காலமானால் முட்டையின் எஞ்சினுக்குள் எட்டிப் பார்ப்பாள். "பல்லாவது வலிக்குதுன்னு கத்தும். இது கத்தாது, நாமதான் கண்டுபிடிக்கணும். அதுலதானே சுவாரசியம்!" என்பாள். அச்சுக்கூடம் ஒன்றின் பின்புறம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்த துருப்பிடித்த கூட்டை வாங்கி வந்தபோது அதில் உருப்படியாக இருந்தது ஸ்டீயரிங் மட்டும்தான். கார்புரேட்டரின் பொடித் துளைகளைப் பல் நோண்டும் ஊசியால் நோண்டியே சுத்தம் செய்தாள். சிலிண்டருக்குள் கீறல் இருக்கிறதா என்று வாய்க்கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். பின்விளக்கின் மூடி எங்கும் கிடைக்கவில்லை என்றதும், பல்செட் செய்கிற மாவிலேயே அச்செடுத்து ஒன்று வார்த்துவிட்டாள். அதனால் முட்டையின் பின்விளக்கு சிவப்பாக இல்லாமல் ஈறு நிறத்தில் இருக்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! விளக்கே இல்லாமல் ஓடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று அவர் சொன்னால் நூறு சத்தத்துக்கு நடுவிலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும். அந்தக் குரலுக்கு நிலையமே கட்டுப்படும். வீட்டில் அதே குரலுக்கு மதிப்பு பூஜ்யம். கொட்டகையில் அதைவிட மோசம்.

"அந்த ஸ்பேனரை எடுக்கட்டுமா?"

"ஐயோ, கை வைக்காதீங்க!"

"இந்த நட்டு லூசா இருக்கிற மாதிரி..."

"அது அப்படித்தான் இருக்கணும். தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

அவருக்கு ஒதுக்கப்பட்டது ஒரு துணியும் ஒரு டப்பா பாலிஷும். கண்ணாடியைத் துடைப்பார், வெளித்தகட்டைத் துடைப்பார், துடைத்ததையே மறுபடி துடைப்பார். ஏதாவது காணாமல் போனாலும், உடைந்தாலும், எண்ணெய் கொட்டினாலும் பழி மட்டும் தவறாமல் அவரைத் தேடி வந்துவிடும். "நீங்கதான் எதையோ நோண்டியிருப்பீங்க." அவரும் நல்ல மனுஷன், ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். இவளும் கெட்டவள் இல்லை. ஆசை வைத்த பொருளின் மேல் பிறத்தியார் கை பட்டால் சிலருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இவர்கள் குடியிருப்பதோ மூன்றாவது மாடி. முட்டை நிற்பது பழைய வண்டிச் சங்கத்தின் கொட்டகையில். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, காத்திருப்பவர்கள் ஏராளம். அதனால் சங்கத்தில் ஒரு சட்டம். வருஷத்தில் ஒருநாள், தேர்த் திருநாள் மாதிரி எல்லா வண்டியும் மைதானத்துக்கு வரவேண்டும். கொடி இறங்கியதும் கோட்டிலிருந்து கிளம்பி, மைதானத்தை ஒரு சுற்று சுற்றி, அதே கோட்டைத் தாண்ட வேண்டும். நடுவில் எஞ்சின் அணையக்கூடாது, யாரும் தள்ளக்கூடாது, ஒரு கருவியையும் தொடக்கூடாது. ஓடாத வண்டிக்குக் கொட்டகையில் இடமில்லை. முட்டைக்கு இரண்டு முறை தவணை கொடுத்தாயிற்று. இனி தவணை கிடையாது.

இதற்கு மேல் ஒரு ஹோட்டல்காரர் வேறு. முட்டையைப் பார்த்த நாளிலிருந்து மனுஷன் கண்ணில் அதுதான். "அம்மா, இது ஓடப் போறதில்லை. எனக்குக் கொடுங்க. ஹோட்டல் மொட்டைமாடியில தூக்கி வெச்சு, சுத்தி கலர் லைட் போட்டு சுழலவிடுறேன். ஊரே பார்க்கும்!" என்று கொட்டகை வாசலில் வைத்துப் பத்து பேர் எதிரில் கேட்டுவிட்டார். டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "இந்த வருஷம் ஓடலைன்னா நீங்களே வந்து தூக்கிட்டுப் போங்க. சும்மாவே தர்றேன்!" என்று சொல்லித் தொலைத்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? சொன்ன சொல்லை விழுங்கும் வழக்கமும் அவளிடம் கிடையாது.

அந்த நாளும் வந்தது. காலை வெயில் மைதானத்தில் பரவியிருந்தது. கோட்டுக்குப் பின்னால் டீ மேஜை, அதைச் சுற்றி சங்கத்து ஆட்கள், அவர்கள் குடும்பம். மைதானத்தின் ஓரத்தில் ஒரு சின்ன லாரி, அதன்மேல் கயிறு சகிதம் ஹோட்டல்காரர். கயிறே கொண்டுவந்துவிட்டார், பாருங்களேன்!

முட்டையின் சங்கிலியும் பின்சக்கரமும் அன்று காலைதான் பூட்டி முடிந்தது. அதற்கு முன் எஞ்சினை மட்டும் தாங்கியில் வைத்து ஓட்டிப் பார்த்திருந்தாள், தேனாக ஓடியது. மற்ற வண்டிகள் சுற்றி முடித்து முட்டையின் முறை வந்ததும், மூடியைத் தூக்கி முன்சீட்டில் உட்கார்ந்தாள். சட்டப்படி இரண்டு சீட்டிலும் ஆள் இருக்க வேண்டும். கணவர் பின்சீட்டில் இறங்கினார். வண்டி பெருமூச்சு விட்டது.

"அண்ணி, எங்க அண்ணனைப் பத்திரமா திருப்பிக் கொடுத்துடுங்க. எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன்" என்றாள் நாத்தனார்.

"உங்க அண்ணன் வண்டியைப் பத்திரமா விட்டா போதும்" என்றாள் டாக்டரம்மா. கண்ணாடி மூடியை இழுத்துச் சாத்தினாள்.

சங்கத்துச் செயலாளருக்கு விசில் என்றே பெயர். வாயில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சாவியைத் திருப்பச் சொல்லி அவர் ஊதினார். திருப்பினாள். ஒரு இருமல், இன்னொரு இருமல், பிறகு படபடபடவென்று பிடித்துக்கொண்டது பாருங்கள், கூட்டமே கை தட்டியது! நீலப்புகை சுருண்டு எழுந்தது. அந்தச் சத்தம் முதுகெலும்பு வழியாக ஏறி அவள் காது வரை இனித்தது. வருஷக்கணக்காகக் காத்திருந்த சத்தம். "ஓடுதுங்க! ஓடுது!" என்று கத்தியேவிட்டாள்.

கொடி இறங்கியது. முதல் கியர். கிளட்சை விட்டாள்.

முட்டை பின்னால் போனது.

தவறுதலாக ஓர் அடி இரண்டு அடி அல்ல. குஷியாக, ஜோராக, கூட்டத்தைப் பார்த்துப் பின்பக்கமாகவே ஓடியது. டீ மேஜையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். ஒருவர் கோப்பையோடு மேஜைமேலேயே ஏறிவிட்டார். டாக்டரம்மா பிரேக்கை மிதித்து, கிளட்சை அழுத்தி, எஞ்சின் அணையாமல் எப்படியோ பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணா! நீதான் எதையோ நோண்டியிருக்க!" என்று தூரத்திலிருந்து நாத்தனார் அலறினாள். கூட்டத்தில் இன்னும் நாலு பேர் அதையே சொன்னார்கள். டாக்டரம்மாவின் வாயும் பழக்கதோஷத்தில் திறந்தது. "ஏங்க, நீங்க எதையாவது தொ..."

பாதியிலேயே நின்றுபோனாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கதை நகராது. இந்த ரக வண்டியில் பின்னால் போக என்று தனி கியர் கிடையாது. எஞ்சின் வலமாகச் சுற்றினாலும் ஓடும், இடமாகச் சுற்றினாலும் ஓடும். சாவியைச் சும்மா திருப்பினால் ஒரு பக்கம், அழுத்தித் திருப்பினால் எதிர்ப்பக்கம். சாவிப்பெட்டியில் அந்த அழுத்தித் திருப்பும் பகுதி உருகிப் போயிருந்ததால், முன்னால் போனால் மட்டும் போதும் என்று வயரை நேரடியாக, ஒரே பக்கம் சுற்றும்படி போட்டிருந்தாள். எந்தப் பக்கம் என்பதில்தான் கோளாறு. நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எது வலமோ, எதிரில் நிற்கும் டாக்டருக்கு அது இடம். காலமெல்லாம் மாற்றி மாற்றிப் பழகிய மூளை. எஞ்சினை எதிரில் வைத்துக்கொண்டு வயர் போடும்போதும் கேட்காமலேயே மாற்றிவிட்டது. எஞ்சின் என்ன நோயாளியா? பல் டாக்டர் ஒருத்தியைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தோன்றாது.

இரண்டு வயரை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் கருவியைத் தொடக்கூடாது, எஞ்சினை அணைக்கக்கூடாது. லாரியில் ஹோட்டல்காரர் எழுந்து நின்று கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். கலர் லைட்டுக்கு நடுவில் மொட்டைமாடியில் முட்டை சுழல்வது அவள் கண்முன் வந்து நின்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"போச்சுங்க. எல்லாம் போச்சு."

"என்ன போச்சு? எஞ்சின் ஓடுதா?"

"ஓடுது, ஆனா..."

"கோட்டுல கிளம்பி கோட்டுக்கு வரணும், அவ்வளவுதானே? பின்னாடியே போ."

"என்னங்க விளையாடறீங்களா? உங்க உருவத்தைத் தாண்டிப் பின்னாடி எனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியுமே!" என்றார் அவர். சொல்லிக்கொண்டே சீட்டின்மேல் முட்டி போட்டுத் திரும்பி, கண்ணாடி மூடியைத் தள்ளித் திறந்து, இடுப்புவரை வெளியே எழுந்தார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? டாக்டரம்மா கிளட்சை விட்டாள்.

மறுகணம் மைதானம் முழுக்க அந்தக் குரல் ஒலித்தது. நிலையத்தில் ஒலிக்கும் அதே குரல், அதே நிதானம்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! டீ மேஜை அருகில் நிற்பவர்கள் உடனடியாக ஒதுங்கவும்!"

ஒதுங்கினார்கள். மேஜைமேல் ஏறியவர் இறங்கினார்.

"இடது! கொஞ்சம் இடது! மரம் வருது, இன்னும் இடது!"

அவர் பின்னால் திரும்பி நிற்கிறார். அவருடைய இடது, முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவளுக்கு வலது. வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள். யோசித்து முடிப்பதற்குள் மரத்தில் போய்ச் சாத்தியிருப்பார்கள். இவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. அவர் இடது என்றதும் கை தானாக வலதுபக்கம் ஒடித்தது. கெடுத்த மூளையே இப்போது கைகொடுத்தது. மரத்தை ஒரு சாண் இடைவெளியில் தாண்டினார்கள்.

"அப்படிப் போடு! நேரா வா, நேரா வா! தாராளமா இடம் இருக்கு!"

இரண்டாவது கியர். காற்று அவள் பின்கழுத்தில் அடித்தது. எதிரில் கூட்டம் சின்னதாகிக்கொண்டே போனது. எல்லாரும் மைதானத்தின் குறுக்கே ஓடிவந்துகொண்டிருந்தார்கள், விசில் எல்லாருக்கும் முன்னால் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். ஒற்றைச் சக்கரம் முன்னே போக, வண்டி வாலாட்டிக்கொண்டே ஓடியது. ஸ்டீயரிங்கை ஒரு நூல் கூடுதலாக அசைத்தால் வால் ஒரு முழம் துள்ளியது. பயமா என்றால் பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, சிரிப்பாகவே வந்துவிட்டது. பெரிய டாக்டர், ஐம்பது வயது, வாய்விட்டுச் சிரிக்கிறாள்!

"சிரிக்காதே, மேடு வருது!" என்றார் அவர்.

சிரிப்பு நின்றது. ஆமாம், மேடு. சுற்றின் தொடக்கத்தில் வண்டிகள் சுலபமாக இறங்கிப் போகட்டும் என்று விட்டிருந்த சரிவு. இவர்கள் சுற்றுவது தலைகீழாக. மற்றவர்கள் இறங்குவதை இவர்கள் ஏற வேண்டும், அதுவும் பின்பக்கமாக.

முதல் கியருக்கு மாற்றினாள். பாதி மேட்டில் பின்சக்கரம் புல்லில் வழுக்கியது. எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. பாரம் முழுக்க கீழே முன்சக்கரங்களில் இறங்கிவிட்டது, ஓட்டுகிற சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லை. எஞ்சின் சத்தம் கம்மத் தொடங்கியது. அது அணைந்தால் முடிந்தது.

"ஏங்க! பின்னாடி சாயுங்க! எஞ்சின் மேல உட்காருங்க!"

"நானா? எஞ்சின் மேலயா? கை வைக்கலாமா?"

"ஐயோ, ஆளையே வைங்க!"

அவர் சீட்டின் முதுகைத் தாண்டி, எஞ்சின் மூடியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். சக்கரம் மண்ணைக் கவ்வியது. புல்லும் மண்ணும் அவள் பக்கம் தெறிக்க, முட்டை ஒரு குலுங்கு குலுங்கி, அடி அடியாக ஏறி, உச்சியைத் தொட்டு, அந்தப் பக்கம் சறுக்கிக்கொண்டு இறங்கியது.

"நமது முட்டை," என்று மைதானம் அதிர முழங்கினார் அவர், எஞ்சின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு, "இன்னும் சற்று நேரத்தில் கோட்டை வந்தடையும்!"

வந்தடைந்தது. ஈறு நிற விளக்கு முதலில் தாண்டியது, பிறகு அவர், பிறகு அவள். ஒரே கூச்சல், ஒரே கைதட்டல். நாத்தனார் ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணியை முத்தமிட்டாள்.

ஹோட்டல்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "என்ன சார் இது, பின்னாடி ஓடினதெல்லாம் கணக்கா? திசையும் தலைகீழ், வண்டியும் தலைகீழ்!"

விசில் முதல்முறையாக வாயிலிருந்து விசிலை எடுத்தார். அவருக்குக் கீழ்ப்பல் ஒன்று இல்லை என்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. "கோட்டுல கிளம்புச்சு, கோட்டுக்கு வந்துச்சு. அணையலை, யாரும் தள்ளலை. மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு நம்ம சட்டத்துல இல்லை. கொட்டகையில இடம் இவங்களுக்கே!" என்றார். ஹோட்டல்காரர் லாரியைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார், சிரிக்காமல் என்ன செய்வார்? கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

"எல்லாம் சரி," என்றார் மேஜைமேல் ஏறியவர், "சார், உண்மையைச் சொல்லுங்க, எந்த வயரை நோண்டினீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். கணவரும் வழக்கம்போல ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் துணியை எடுத்து மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். டாக்டரம்மாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இந்த மனுஷன் எத்தனை தடவை இப்படித் துடைத்திருப்பார்!

"வயர் போட்டது நான்," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "தப்பாப் போட்டதும் நான்தான். இவர் இந்த வண்டியில ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட்டதில்லை. நான் தொட விட்டதில்லை."

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் கருவிப்பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"வாங்க. சீட்டுக்குப் பின்னாடி, கறுப்பு வயரும் மஞ்சள் வயரும். நீங்களே மாத்துங்க."

அவர் பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருஷக்கணக்காக ஏங்கிய சாமான். பிறகு அதை மெதுவாகப் பையிலேயே திருப்பிப் போட்டார்.

"அப்புறம் மாத்திக்கலாம்."

"ஏங்க?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அத்தனை பெரிய குரல் இத்தனை சின்னதாகும் என்று அவளுக்கே தெரியாது. "ஸ்கூட்டர்ல போனாலும் சரி, எதுல போனாலும் சரி, நீ ஓட்டுவ, நான் பின்னாடி. கல்யாணம் ஆனதிலிருந்து நான் பார்த்த ரோடெல்லாம் உன் தோளுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். இன்னிக்குத்தான் முழுசாப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு ரவுண்டு, இப்படியே போவோமா?"

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கையிலிருந்த எண்ணெய் கன்னமெல்லாம் அப்பியது. பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பினாள்.

"எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுங்க" என்றாள்.